கேம் பாய்த் திரைக்குப் பின்னொளி: செய்ய முனைவோர் கவனத்திற்கு

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழையும் தோட்டத் தொழிலாளிக்கு வெளிச்சத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெட்டுக் கோடு தெளிவாகத் தெரியாவிடில் கத்தி பட்டையைக் கடந்து மரத்தில் பாய்ந்துவிடும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகவே வளரும். கை எவ்வளவு பழகியதாயினும் கண்ணுக்கு ஒளி வேண்டும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளும் ஒளியைப் பற்றியதே. ஆயின் இங்கே ஒளி வேண்டி நிற்பது மரமன்று, இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு பழைய விளையாட்டுக் கருவி.

ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ‘கேம் பாய்’ என்னும் கைவிளையாட்டுக் கருவியை வெளியிட்டது. சாம்பல் நிறக் கூடு, நான்கு சிறு பேட்டரிகள், பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரை: அவ்வளவே அதன் தோற்றம். அதுவும் அதன் வழிவந்த வண்ணத் திரைக் கருவியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. 1990ஆம் ஆண்டுகளில் சிறுவராய் இருந்தோர் பலர் அதனை நன்கு அறிவர். அதன் குறையையும் அவர்கள் அறிவர். அத்திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பகலில் சன்னலோரமும் இரவில் விளக்கின் நேர்கீழேயும் அமர்ந்தாலன்றி அதில் ஓடும் உருவங்கள் கண்ணுக்குப் புலப்படமாட்டா.

இப்பொழுது முப்பதையும் நாற்பதையும் கடந்துவிட்ட அந்தச் சிறுவர்கள், அலமாரியில் கிடந்த பழைய கருவியைத் தேடி எடுத்து, அதன் திரைக்குப் பின்னே மெல்லிய விளக்குத் தகடு ஒன்றைப் பொருத்தி மீண்டும் உயிர்ப்பிக்க விரும்புகின்றனர். அதற்கு வேண்டிய பொருள்கள் சிறு பொட்டலமாக விற்பனையாகின்றன. செய்முறைத் தாளைப் படிப்போர்க்கு அது ஒரு மாலைப்பொழுதின் வேலையாகத் தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணி அவ்வேலையில் இறங்கினோம். சில திரைகளை ஒளிரச் செய்தோம்; சிலவற்றைத் திரும்பப் பெற முடியாதவாறு கெடுத்தோம். கெடுத்தவையே நமக்கு அதிகம் கற்பித்தன. ஆகவே அவற்றையும் மறைக்காமல் இங்கு எழுதுகிறோம்.

ஏன் விளக்கு வைக்கவில்லை?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அத்திரையில் ஒளியில்லாமை செய்தவரின் மறதியால் நேர்ந்ததன்று. கேம் பாய் உருவாக முதன்மைக் காரணராக இருந்தவர் குன்பேய் யோக்கோய் என்பவர். அவர் 1965ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் அந்நிறுவனத்தில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டுகள் தயாரிக்கும் நிறுவனமாக இருந்தது. யோக்கோய் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியாளர். வேலைக்கிடையே பொழுதுபோக்காக அவர் செய்து வைத்திருந்த நீளும் கைப் பொம்மை ஒன்று நிறுவனத் தலைவர் யாமாவுச்சியின் கண்ணில் பட்டது. கண்டிக்கப்படுவோம் என்று எண்ணியிருக்கக்கூடிய ஓர் ஊழியருக்கு, அதனையே விற்பனைப் பொருளாக ஆக்கும்படி உத்தரவு கிடைத்தது. 1966இல் அது வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட கையே பின்னர் உலகச் சிறுவர்களின் கைகளில் விளையாட்டுக் கருவியைத் தந்தது.

பழகித் தேர்ந்த, விலை குறைந்த பொருள்களைக் கொண்டே புதியதைப் படைக்க வேண்டும் என்பது யோக்கோயின் கொள்கை. 1989இல் திரைக்கு ஒளியூட்ட வேண்டுமாயின் சிறு குழல்விளக்கையே நாட வேண்டியிருந்தது. அவ்வாறு செய்த நிறுவனங்களும் உண்டு. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்ஸ், 1990இல் வந்த சேகா கேம் கியர் ஆகிய இரண்டும் வண்ணத் திரையும் குழல்விளக்கும் உடையவை. ஆனால் அவை ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்திலேயே விழுங்கிவிட்டன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. பேட்டரி வாங்கும் காசு வீட்டுச் செலவுக் கணக்கில் இடம்பெறும் குடும்பங்களுக்கு எது உகந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒளியை விட்டுக்கொடுத்து நேரத்தைப் பெற்ற பேரம் அது.

இன்று அப்பேரத்தை மாற்றியமைக்க முடிவதற்குக் காரணம், குறைந்த மின்சாரத்தில் வெண்ணிற ஒளி தரும் எல்.இ.டி. விளக்காகும். ஒளிமிக்க நீல நிற எல்.இ.டி. 1993இலும், அதனை அடிப்படையாகக் கொண்ட வெள்ளை எல்.இ.டி. 1996இலும் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. நீல விளக்கைச் சாதித்த அகாசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிண்டெண்டோவும் 1998இல் ஒளிரும் திரையுடைய ‘கேம் பாய் லைட்’ என்னும் கருவியை வெளியிட்டது. அது ஜப்பானில் மட்டுமே விற்கப்பட்டது.

திரை இயங்கும் விதம்

கையிலுள்ள பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாமல் அதனைப் பிரிப்பவர், எந்த அடுக்கை எடுக்க வேண்டும், எதனைத் தொடக்கூடாது என்று அறியமாட்டார். ஆகவே இப்பகுதியைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கிடையே திரவப் படிகம் என்னும் பொருள் நிரப்பப்பட்டுள்ளது. நீர்போல் ஒழுகும் தன்மையும் படிகம்போல் ஒழுங்காக நிற்கும் தன்மையும் ஒருங்கே உடைய இவ்விந்தைப் பொருளை 1888ஆம் ஆண்டு பிராக் நகரில் ரைனிட்சர் என்னும் தாவரவியல் அறிஞர் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது கேரட் கிழங்கிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருளை. கேரட்டில் தொடங்கிய ஆராய்ச்சி கைக்கடிகாரத்திலும் விளையாட்டுக் கருவியிலும் வந்து முடிந்தது.

கண்ணாடியின் முன்புறமும் பின்புறமும் ஒவ்வொரு மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதனை முனைவாக்கித் தாள் என்பர். மூங்கில் தட்டியின் நெடுக்கு இடைவெளியில் ஒரு பலகையை நிமிர்த்திப் பிடித்தால் நுழையும். படுக்க வைத்தால் நுழையாது. முனைவாக்கித் தாளும் அத்தகைய தட்டியே. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் அது விடும். முன்தட்டியில் நுழைந்த ஒளி பின்தட்டியை அடையுமுன், இடையிலுள்ள திரவப் படிகம் அதன் திசையைத் திருகிவிடுகிறது. மின்சாரம் பாய்ந்த புள்ளியில் அத்திருகல் மாறிவிடும். எனவே ஓரிடத்தில் ஒளி பின்தட்டியைக் கடக்கும். மற்றோரிடத்தில் அடைபட்டு நிற்கும். அடைபட்ட இடம் நம் கண்ணுக்குக் கருமையாகத் தெரிகிறது. கேம் பாய்த் திரையில் இத்தகைய புள்ளிகள் குறுக்கே 160, நெடுக்கே 144. கருமையில் நான்கு படிகள் உண்டு.

பின்தாளுக்கும் பின்னே வெள்ளிபோல் பளபளக்கும் ஒரு படலம் உள்ளது. அறை வெளிச்சம் முன்னிருந்து நுழைந்து, அப்படலத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் அதே வழியாக வெளியே வருகிறது. இப்படலம் ஒளியை ஊடுருவ விடாது. அதனை அகற்றாமல் பின்னே எத்தனை விளக்கு வைத்தாலும் பயனில்லை. படலமோ பின்தாளோடு பிரிக்க முடியாதவாறு ஒட்டியிருக்கிறது. ஆதலால் இரண்டையும் சேர்த்து உரித்தெடுத்து, புதிய முனைவாக்கித் தாளையும் அதன் பின்னே விளக்குத் தகட்டையும் வைக்க வேண்டும். உரித்த பின்தாளை மீண்டும் ஒட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. இவ்வேலை முழுவதிலும் திரும்பி வர முடியாத அடி இதுவே.

கேம் பாய், கேம் பாய் பாக்கெட் ஆகியவற்றின் திரைகளுக்கே இம்முறை பொருந்தும். 1998இல் வந்த கேம் பாய் கலர், 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் ஆகியவற்றில் ஒளியைத் திருப்பும் படலம் கண்ணாடிக்கு உள்ளேயே அமைந்துள்ளது. அதனை உரிக்க வழியில்லை. இதனை அறியாமல் அவற்றின் பின்புறத்தைச் சுரண்டிப் பாழாக்கியோர் உளர். அவற்றுக்குப் பழைய திரையையே நீக்கிவிட்டுப் புதிய ஒளிரும் திரையைப் பொருத்துவதே இப்போது வழக்கம்.

பிரிக்கும்போது நேரும் பிழைகள்

கருவியின் கூட்டைப் பிணைக்கும் திருகாணிகள் சாதாரணமானவை அல்ல. தலையில் மூன்று இதழ் கொண்ட பள்ளம் இருக்கும்; அதற்கேற்ற திருப்புளி வேண்டும். பேனாக் குழாயின் முனையை நெருப்பில் இளக்கித் திருகாணியில் அழுத்தி அச்செடுத்துத் திறப்போரும் உண்டு. ஒரு முறை அது உதவும். இறுகிய திருகாணியில் அது வழுக்கிப் பள்ளத்தைத் தேய்த்துவிட்டால் பின்னர் எந்தத் திருப்புளிக்கும் அது அசையாது.

திருகாணிகளைக் கழற்றியதும் இரு பாதிகளையும் வெடுக்கென்று பிரித்தல் ஆகாது. முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு தட்டையான நாடா வடம் இணைக்கிறது. நூலைத் திறப்பதுபோல் மெதுவாகத் திறந்து, அவ்வடத்தை அதன் இருக்கையிலிருந்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் முறியும். இதே நேரத்தில் பேட்டரி இருக்கும் பகுதியையும் பார்த்துவிடுவது நன்று. பல ஆண்டுகளாக உள்ளேயே விடப்பட்ட அல்கலைன் பேட்டரி கசிந்து, தகடுகளில் வெண்மையான படிவு கட்டியிருக்கும். பஞ்சில் சிறிது வினிகரைத் தொட்டுத் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்தினால் போதும்.

இனி உள்ளதே கண்ணும் கையும் ஒருங்கே வேண்டப்படும் வேலை. திரைக் கண்ணாடி ஒரு மின்பலகையின்மேல் அமர்ந்துள்ளது. அதன் கீழ் விளிம்பிலிருந்தும் ஒரு பக்க விளிம்பிலிருந்தும் இரண்டு மெல்லிய நாடாக்கள் பலகைக்குச் செல்கின்றன. கீழ்நாடா நெடுக்குக் கோடுகளுக்குரியது. பக்க நாடா குறுக்குக் கோடுகளுக்குரியது. இவை ஈயத்தால் பற்ற வைக்கப்பட்டவை அல்ல. வெப்பத்தால் அழுத்தி ஒட்டப்பட்டவை. கண்ணாடியைப் பலகையிலிருந்து முற்றிலும் எடுக்கக்கூடாது. நாடாக்கள் இல்லாத மூலையை மட்டும், உள்ளே கை வேலை செய்யப் போதுமான அளவுக்கு உயர்த்த வேண்டும். கதவைப் பிணையில் திறப்பதைப் போன்ற செயல் அது. அளவுக்கு மேல் திறந்தால் பிணை பெயர்ந்துவிடும்.

நாம் முதன்முதலில் கெடுத்த திரை இங்கேதான் கெட்டது. பின்தாளின் மூலையைக் கிளப்புவதற்காகச் சவரத் தகட்டை நுழைத்தபோது, அது தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே செல்லாமல் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே சென்றுவிட்டது. ‘டிக்’ என்று ஓர் ஒலி, அவ்வளவே. மூலையிலிருந்து கருநீல மை போன்ற ஒரு கறை மெல்லப் பரவிற்று. மின்சாரம் கொடுத்தபோது அப்பகுதியில் ஒரு புள்ளியும் தோன்றவில்லை. கண்ணாடி உடைந்து உள்ளிருக்கும் பொருள் விரலில் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்; சில்லுகளைச் சிறுவர்கள் நடமாடும் இடத்தில் போடக்கூடாது.

தகட்டைக் கண்ணாடியின்மேல் ஏறக்குறையப் படுத்தாற்போல் பிடித்து, மூலையை ஒரு நகக்கண் அளவுக்குக் கிளப்பிவிட்டால் தகட்டின் வேலை முடிந்தது. அதன்பின் விரலால்தான் உரிக்க வேண்டும். இதில் நம் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்றே கூறலாம். காலையில் புது வெட்டுக்கு முன் வெட்டுக் கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை அறுந்துவிடாமல் ஒரே இழையாக இழுத்தெடுக்கும் கைக்கு இதன் பக்குவம் புரியும். அவசரப்பட்டு மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும். வெள்ளிப் படலம் மட்டும் தனியே வந்து, அடித்தாளும் பசையும் கண்ணாடியிலேயே தங்கிவிடும். தாளைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் மடக்கி, ஒரே வேகத்தில், மூச்சுவிடும் நேரத்துக்கு ஒரு நெல்லளவு நகருமாறு இழுத்தல் வேண்டும். மறு கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இழுக்கும் விசை முழுவதும் நாடாக்களின்மேல் விழ விடலாகாது. பசை இறுகியிருந்தால் தலைமயிர் உலர்த்தும் கருவியால் சற்றே வெதுவெதுப்பாக்கலாம். கண்ணாடி மிகச் சூடானால் திரை முழுவதும் கறுத்துவிடும். அதனைக் கண்டு கலங்க வேண்டாம், ஆறியதும் தெளியும்.

எஞ்சிய பசையை என்ன செய்வது? இங்கே பலர் தகட்டால் சுரண்டிக் கண்ணாடியில் கீறல் போடுகின்றனர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்துணியில் நனைத்துப் பசையின்மேல் சில நிமிடம் போர்த்தி வைத்தால் அது இளகித் திரளும். பின் விரலால் உருட்டி எடுக்கலாம். நகச்சாயம் நீக்கும் அசிட்டோனைப் பயன்படுத்தவே கூடாது. அது கூட்டையும் உருக்கும். முன்தாளில் ஒரு துளி பட்டால் அதுவும் பாழ். ஆல்கஹாலாயினும் அளவு மிஞ்சி ஊற்றினால் விளிம்பு வழியாக நாடாவின் ஒட்டை இளக்கக்கூடும். துணியில் இட வேண்டுமேயன்றிக் கண்ணாடியில் ஊற்றக்கூடாது.

தூசும் திசையும்

புதிய தாளை வெட்டுவதற்கு முன், கருவியை இயக்கித் திரையின் பின்னே அத்தாளைப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் வெளிர் நிறத்தில் கரிய உருவங்கள் தோன்றும். கால்வட்டம் சுழற்றினால் கருமையில் வெளிர் உருவங்களாக மாறிவிடும். தாளின் எந்தப் பக்கம் கண்ணாடியை நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து நிறமும் சற்று வேறுபடலாம். விரும்பிய நிலை கிடைத்ததும் மூலையில் பேனாவால் ஓர் அடையாளமிட்டு, அதன்பின்பே வெட்ட வேண்டும். நாம் வெட்டிய பின் சுழற்றிப் பார்த்து, ஒரு தாளை வீணாக்கினோம்.

தூசைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. பழைய படலத்தின் மங்கலில் மறைந்து கிடந்த தூசெல்லாம், பின்னிருந்து ஒளி பாய்ந்தவுடன் வானத்து மீன்கள்போல் மினுங்கும். நம் நாட்டு வெப்பத்தில் மின்விசிறியின்றி அமர்வது வருத்தமே. ஆயினும் இவ்வேலை முடியும்வரை விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். விசிறியை நிறுத்தினால் வியர்வை சொட்டும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வது இதற்கு நாம் கண்ட வழி. சற்று முன்பு ஈரத்துணியால் துடைத்த மேசையும் முழங்கை வரை கழுவிய கையும் பாதித் தூசைத் தவிர்க்கும். தாளும் விளக்குத் தகடும் இருபுறமும் பாதுகாப்பு உறை உடையவை. அதனைக் கடைசி நொடியிலேயே நீக்க வேண்டும். உறையை நீக்க மறந்து, படம் ஏன் மங்கலாக இருக்கிறதென்று ஒரு மாலை முழுவதும் ஆராய்ந்தவர்களையும் நாம் அறிவோம். மழைநீரில் எண்ணெய் மிதப்பதுபோல் வண்ண வளையங்கள் தோன்றினால், வழவழப்பான இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பொருள். தகட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் அவை மறையும்.

எல்லாம் சரியாக அமைந்த பின்னும் ஒரு மனக்குறை எஞ்சும். ஒளி வந்தது, ஆனால் கருமை வெளிறிவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒளி திரையை இரு முறை கடந்தது, உள்ளே செல்லும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை. கரிய புள்ளியொன்று பத்தில் ஒரு பங்கு ஒளியைக் கசிய விடுவதாக வைத்துக்கொள்வோம். இரு முறை கடக்கும்போது கசிவு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். பின்னொளியோ ஒரே முறை கடப்பதால் பத்தில் ஒரு பங்கு அப்படியே தெரியும். அதனால் கருமை சாம்பலாகிறது.

இதனைச் சரிசெய்யப் பழுதுபார்ப்போர் கையாளும் உத்தி மெச்சத்தக்கது. தாளை வேண்டுமென்றே கால்வட்டம் திருப்பிக் கருமை வெண்மைகளை மாறச் செய்வர். பின்னர் திரைக்குச் செல்லும் இரண்டு தகவல் கம்பிகளின் இடையே சிறு மின்சில் ஒன்றை இணைத்து, மின்குறிகளையும் நேர்மாறாக ஆக்குவர். இரு முறை புரட்டப்பட்ட படம் பழையபடியே நேராகத் தோன்றும். ஆனால் கருமை முன்னிலும் ஆழ்ந்திருக்கும். அச்சில்லின் விலை மிகக் குறைவு. ஈயம் பற்ற வைப்பதில் தேர்ச்சியில்லாதோர் இதில் கைவைக்காமல், முதலில் வெளிறிய கருமையோடு அமைதி கொள்வதே நன்று.

மின்சாரம் இணைத்தல்

நான்கு பேட்டரிகள் சேர்ந்து 6 வோல்ட் தருகின்றன. கருவி அதனை 5 வோல்டாக நிலைப்படுத்திக்கொள்கிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் போதும். மிஞ்சிய 2 வோல்டைத் தாங்க மின்தடை ஒன்று இடையில் வேண்டும். 100 ஓம் மின்தடையானால் 20 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடும். 200 ஓம் ஆனால் 10 மில்லி ஆம்பியர். இருட்டில் விளையாட இரண்டாவதே போதுமானது. பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். சில தகடுகளில் மின்தடை ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். இல்லாவிடில் அதனை விட்டுவிட்டு நேரடியாக இணைத்தால் விளக்கு எரிந்து போகும்.

எங்கே இணைப்பது என்பதில் மிகுந்த கவனம் தேவை. திரைக்கென்றே எதிர்மறை மின்னழுத்தம் ஒன்றையும் அக்கருவி உண்டாக்குகிறது. தவறான புள்ளியில் கம்பியைத் தொட்டால் விளக்கோடு திரையின் மின்சுற்றும் போய்விடக்கூடும். மின்னளவிக் கருவியால் 5 வோல்ட் உள்ள இடத்தை உறுதி செய்துகொண்ட பின்பே ஈயம் வைக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மாறினால் விளக்கு எரியாது. ஈயப் புகையை முகர்தலும், வேலை முடிந்து கை கழுவாமல் உணவைத் தொடுதலும் உடலுக்குத் தீங்கு. சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டும்.

பழைய கேம் பாய்களில் நெடுக்குக் கோடுகள் சில மறைந்து போயிருப்பது பரவலாகக் காணப்படும் கோளாறு. கீழ்நாடாவின் ஒட்டு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வதே காரணம். பற்ற வைக்கும் கோலைக் குறைந்த சூட்டில் வைத்து, நாடா பொருந்தியுள்ள வரிசையின்மேல் மெதுவாக நகர்த்தினால் ஒட்டு மீண்டும் பிடித்துக் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கருவியை இயக்கிக்கொண்டே இதனைச் செய்யலாம். கோடுகள் தோன்றுவது கண்முன்னே தெரியும். சூடு மிகுந்தால் நாடா சுருங்கிவிடும். பக்க நாடாவில் நேரும் பழுதோ இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. இதனை நாம் கற்றுக்கொண்ட விதத்தையும் கூறிவிடுகிறோம்.

தோட்டத்தில் பிறந்து நகரத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், நாம் இவ்வேலை செய்வதைக் கேள்வியுற்று, தம் கேம் பாயைக் கொண்டுவந்து தந்தார். பால்வெட்டுத் தொழிலாளியாய் இருந்த அவர் தந்தை, ஆறாம் வகுப்புத் தேர்வில் மகன் நல்ல தேர்ச்சி பெற்றதற்காகப் பட்டணத்தில் பழையதாக வாங்கிக் கொடுத்தது. தந்தை காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்கள் குடியிருந்த லயனில் அந்நாளில் இரவு குறித்த நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும். அதன்பின் சிறுவன் தந்தையின் நெற்றி விளக்கை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு விளையாடுவானாம். “காலையிலே விளக்கு மங்கலா எரியும், ஐயா. அப்பா பேட்டரிக் கடைக்காரரைத் திட்டிக்கிட்டே போவாரு. நான் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை” என்றார்.

அதனை நாம் மிகுந்த கவனத்துடனேயே பிரித்தோம். தாள் ஒரே துண்டாக வந்தது. பசையும் நீங்கிற்று. விளக்குத் தகட்டை நுழைக்கையில் அது பாதியில் தடைபட்டது. அப்போது எழுந்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டு மீண்டும் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியை இன்னும் சற்றே உயர்த்தினால் நுழைந்துவிடும் என்று நினைத்தோம். உயர்த்தினோம், நுழைந்தது. இயக்கிப் பார்த்தபோது திரை முழுவதும் அழகாக ஒளிர்ந்தது. மேற்பாதியில் மூன்று குறுக்குக் கோடுகள் மட்டும் இல்லை. பக்க நாடா விளிம்பில் பெயர்ந்திருந்தது. சூடு வைத்துப் பார்த்தோம், அழுத்திப் பார்த்தோம். அவை திரும்பவில்லை.

மறுநாள் அவர் வந்தபோது நடந்ததை ஒளிக்காமல் கூறினோம். வேறொரு பழைய கருவியிலிருந்து முழுத் திரையை எடுத்து மாற்றித் தருவதாகவும் சொன்னோம். அவர் கருவியை வாங்கி, அறை விளக்கை அணைக்கச் சொல்லி, சிறிது நேரம் விளையாடிப் பார்த்தார். “வேற கண்ணாடி வேணாம், ஐயா. அப்படியே மூடிக் கொடுங்க” என்றார். ஆறு திருகாணிகளையும் முடுக்கிக் கொடுத்தோம். தகட்டுக்கு 200 ஓம் மின்தடையே வைத்திருந்தோம். நான்கு பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டு அனுப்பினோம்.